இழுவைத்திறன்

பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நால்வரும் சௌக்கியம். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முழங்கால் வலி இப்போது எந்தக் காலில் குடியிருக்கிறது?

தொலைபேசியிலேயே கேட்டிருப்பேன். ஆனால் அத்தை உங்களுக்குப் போட்ட தடை இன்னும் அமலில் இருப்பதாகக் கேள்வி. அதனால் தாளும் பேனாவும்.

ஏரியில் சவாரிப் படகு விடும் கம்பெனி, தன் படகுகளைப் பழுது பார்க்கும் வேலை முழுவதையும் என் பட்டறைக்குக் கொடுத்திருக்கிறது. மே கடைசியில் சீசன். அதற்குள் ஒவ்வொரு படகையும் டிரெய்லரில் ஏற்றி, கரைச் சரிவிலிருந்து இழுத்து வந்து, சரி செய்து, திரும்பக் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பட்டறை நிற்கும். இல்லையென்றால் நான் மறுபடி யாரிடமாவது சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான்.

என் பழைய வண்டி போன வாரம் சரிவில் பாதி ஏறி நின்றுவிட்டது. பிறகு படகோடு சேர்ந்து மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது. சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்தினோம். சின்னப் படகுகளை இன்னும் எப்படியோ இழுக்கிறது, பெரியதற்கு ஆகாது. ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கலாம் என்று இருக்கிறேன். படகும் இழுக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் அவர்கள் அப்பாவை ஆஸ்பத்திரி டியூட்டிக்கும் கொண்டுபோய் விடவும் வேண்டும். இரண்டு வண்டிக்கு வசதி இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொட வேண்டும், எதைக் கண்டால் ஓட வேண்டும்? சித்தப்பாவும் கூட வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்

(ஓரத்தில், பொடி எழுத்தில்: கோபிக்கக் கூடாது. பட்டறையில் எல்லோரும் சேர்ந்து பழைய வண்டிக்கு உங்கள் பட்டப்பெயரை வைத்துவிட்டார்கள். இங்கே 'இழுவை' என்றால் அந்த வண்டிதான்.)


பிப்ரவரி 12

படகுகளின் பேரரசியும் என் ஒரே மருமகளும் ஆனவளுக்கு,

இங்கே நலத்துக்குப் பஞ்சமில்லை. முழங்கால் வலி இடது காலில் குத்தகை முடிந்து வலது காலுக்கு மாறியிருக்கிறது. உன் அத்தையும் நலம். அந்த நலத்தின் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கிறது.

தொலைபேசித் தடையை எடுப்பதாக இல்லை. போன வருடம் உன் பெரியம்மாவிடம் 'எப்படி இருக்கே' என்று கேட்கத்தான் கருவியை எடுத்தேன். நான் கீழே வைப்பதற்குள் அவள் வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்த பேரனுக்கு மீசை முளைத்துவிட்டது என்கிறாள் உன் அத்தை. கொஞ்சம் மிகைப்படுத்துகிறாள். அரும்பு மீசைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி விஷயத்தில் நீ என்னிடம் கேட்டது, மழையைப் பற்றி மேகத்திடமே கேட்டது போல. முப்பது ஆண்டுகள் மீட்பு வண்டி ஓட்டியவன் நான். பள்ளத்தில் கவிழ்ந்த லாரிகளையும் கால்வாயில் குளிக்க இறங்கிய பேருந்துகளையும் இழுத்தேன். ஒருமுறை ஒரு பாலத்தையே கொஞ்சம் நகர்த்திவிட்டேன். அதை வெளியே சொல்லாதே. அப்படி வந்த பட்டம்தான் 'இழுவை'. உன் கல்யாணத்தில் நான் வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தபோது உன் சித்தப்பா எழுந்து, "இழுவைன்னு சும்மாவா பேர் வெச்சாங்க, யாராவது மைக்கை வாங்குங்கப்பா" என்றார் பார், அன்றைக்குத்தான் அந்தப் பட்டத்துக்கு இரண்டாவது அர்த்தம் பிறந்தது. நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதை நினைவில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வண்டி பார்க்கப் போனதும் முதல் வேலையாகப் புறங்கையை பானெட்டின் மேல் வை. சூடாக இருந்தால் வந்த வழியே திரும்பு. டீசல் வண்டியின் குணம் குளிர்ந்த நிலையில் எழுப்பும்போதுதான் தெரியும். நீ வருவதற்கு முன்பே அதை எழுப்பி, முகம் கழுவி, தலை வாரி உட்கார வைத்திருக்கிறவன் எதையோ மறைக்கிறான். எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார். உள்ளேயிருந்து மூச்சு புஸ்ஸென்று முகத்தில் அடித்தால் அது இழுக்கும் வண்டி அல்ல, இழுத்துக்கொண்டு கிடக்கும் வண்டி. கடைசியாக, அடியில் படுத்து சேசிஸைத் தடவு. படகு இழுத்த வண்டிகள் பின்பக்கத்தைத் தண்ணீரில் விட்டு விட்டுத் துருவேறியிருக்கும்.

உன் சித்தப்பா கூட வருவது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. லாரி எடைமேடையில் காலம் முழுக்க உட்கார்ந்து ஊசி பார்த்தவர். ஒரு வண்டி நிற்கும்போது என்ன கனம் என்று அவருக்குத் தெரியும். ஓடும்போது என்ன குணம் என்பது வேறு பாடம்.

என் கறுப்பு வண்டி கொட்டகையில் சௌக்கியம். சும்மா தகவலுக்காக எழுதுகிறேன். இப்போது அதை அவ்வளவாக வெளியே எடுப்பதில்லை. இந்த வருடம் ஊர் பூராவும் தெருவிளக்கை மங்கலாக்கிவிட்டார்கள், ஏனோ தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு முத்தம், அவர்கள் அப்பாவுக்கு என் சல்யூட்.

உன் மாமா


மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் நலம். சின்னவளுக்கு மட்டும் சளி. அதை வீட்டில் எல்லோருக்கும் ஒரு சுற்றுப் பரிமாறிவிட்டாள்.

முதல் வண்டி பார்த்தாகிவிட்டது. வெள்ளை நிறம், வழவழவென்று இருந்தது. நீங்கள் சொன்னபடியே புறங்கையை வைத்தேன். சுட்டது. "வெயில்ல நிக்குதுங்க" என்றார் விற்பவர். வண்டி நின்றது மரத்தடியில். அவரும் மரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன், வந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் சித்தப்பா ஒரு காரியம் செய்தார். பெரிய படகை டிரெய்லரோடு இரவல் டிராக்டரில் மாட்டி ஒரு எடைமேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். படகின் கனம் என்று நான் நினைத்திருந்தது வெறும் படகின் கனம். எஞ்சின், டீசல் டேங்க், நங்கூரம், டிரெய்லர் எல்லாம் சேர்ந்தால் அந்த வெள்ளை வண்டியின் சொந்தக் கனத்தைவிட அதிகம். "இழுக்கிறத விட நிறுத்துறதுதான் கஷ்டம்" என்றார். அது போதுமானதாக இருந்தது.

மாமா, ஒன்று கேட்கட்டுமா? உங்கள் எழுத்து ஏன் இவ்வளவு பெரிசாக இருக்கிறது? ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் வருகிறது. தபால்காரர் பொட்டலம் என்று நினைத்துக் கையெழுத்து கேட்டார்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 10

சளியையும் சமமாகப் பங்கிடும் குடும்பத்தின் தலைவிக்கு,

இங்கே சளி இல்லை. உன் அத்தை போடும் கஷாயத்தின் வாசனைக்குப் பயந்து சளி எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை.

என் எழுத்து பெரிதாக இருப்பது என் மனம் பெரிதாக இருப்பதால். அதில் மருத்துவம் ஒன்றும் இல்லை. போன வாரம் நம் வீட்டுக் கேட்டுத் தூண் ஒன்று, நான் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பார்த்து இரண்டடி நகர்ந்து வந்து முட்டிக்கொண்டது. அதிலும் மருத்துவம் இல்லை. இந்தக் காலத்துத் தூண்களுக்கு ஒழுக்கம் போய்விட்டது.

புறங்கை வைத்தாய் அல்லவா. என் சொல் உன்னைக் காப்பாற்றியது என்று உன் கடிதத்தில் எழுதியிருப்பாய் என்று மூன்று தடவை தேடினேன். 'நீங்கள் சொன்னபடியே' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதன்பின் சித்தப்பா செய்த காரியம் ஒரு முழுப் பத்தி. நான் கணக்குப் பார்க்கிறவன் இல்லை. உன் அத்தையிடம் படித்துக் காட்டச் சொல்லி எண்ண வைத்தேன், அவ்வளவுதான்.

எடை போட்டாராமே. போடட்டும். நான் மீட்பு வண்டி ஓட்டிய காலத்தில் எடையா பார்த்தேன்? கம்பியைக் கொக்கியில் மாட்டி, ஆக்சிலேட்டரில் கால் கட்டை விரலை வைத்தால், எதிரே இருப்பது நெல் லாரியா பஞ்சு லாரியா, டிரைவர் சாப்பிட்டானா பட்டினியா என்பது வரைக்கும் காலில் தெரியும். 'நிறுத்துறதுதான் கஷ்டம்' என்று அவர் சொன்னது சரிதான். அதை நான் உனக்குப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதுவதாக இருந்தேன். அவர் நாலு வார்த்தையில் சொல்லிக் கெடுத்துவிட்டார்.

அடுத்த வண்டி பார்த்ததும் எழுது. யாரிடமாவது நல்ல வண்டி ஏற்கெனவே கொட்டகையில் நிற்கிறதா என்றும் விசாரித்துப் பார். குடும்பத்துக்குள்ளேயே இருக்கலாம். நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

உன் மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

சளி போய்விட்டது. நீங்கள் சொன்ன புறங்கைதான் என்னைக் காப்பாற்றியது. இதை அத்தையிடம் சொல்லி இரண்டு தடவையாக எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக ஒரு சிவப்பு வண்டி பார்த்தேன். நாலு கதவு, உள்ளே கார் மாதிரி சொகுசு. ஆனால் வாழ்நாள் முழுவதும் கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே போய் வந்த வண்டி. அப்படிச் சின்னச் சின்ன ஓட்டமாக ஓடினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்று பட்டறையில் பேசிக்கொள்வார்கள். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. "அது எப்பவும் அப்படித்தாங்க எரியும்" என்றார் விற்கிற அம்மா, ஏதோ வீட்டு விளக்கு மாதிரி. விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஒரு நீல வண்டி. சித்தப்பா கண்டுபிடித்தது. ஒரு கால்நடை டாக்டருடையது. குதிரைகளை ஏற்றிய டிரெய்லரை இழுத்துப் பழகியது. நாலு கதவு, கியர் கையால் மாற்றுவது, டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இணைப்பும் இருக்கிறது. இழுவைத்திறன் எங்கள் பெரிய படகுக்கு மேல் நன்றாகவே வருகிறது. டாக்டர் வெளியூர் மாறிப் போகிறார், அதனால்தான் விற்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 9

நீலத்தில் மயங்கிய மருமகளுக்கு,

நலம். நலமாக இருக்க முயல்கிறோம்.

நீல வண்டியைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருந்தாய். நான் அதைப் பார்த்ததில்லை. ஆகவே நடுநிலையோடு எழுத முடிகிறது.

நீலம் என்பது ஒரு வண்டிக்குப் பொருத்தமான நிறமே அல்ல. தூரத்தில் வானம் என்று நினைத்து எதிரே வருகிறவன் மோதிவிடுவான். அடுத்து, குதிரை டிரெய்லர். குதிரை என்பது தானே நடக்கக்கூடிய பிராணி. தானே நடப்பதை இழுத்துப் பழகிய வண்டிக்கு, நடக்கத் தெரியாத படகை இழுக்கும் மன உறுதி இருக்குமா என்பது சந்தேகம். டாக்டர் வண்டி வேறு. காய்ச்சல் வந்தால் ஒழிய வேலைக்கு வராது. கதவு நாலு என்கிறாய். ஒரு வண்டிக்கு இரண்டு கதவு போதும். நாலு கதவு வைத்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்கிறவர்கள் ஏறிவிடுவார்கள். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதை யார் கண்டுபிடித்தது என்று பார்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது உன் சைக்கிள் செயின் கழன்றால் யாரைக் கூப்பிட்டாய்? முதல் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு மிச்சம் வந்த போல்ட்டுகளை எங்கே மாட்டுவது என்று யாருக்கு எழுதினாய்? கேட்க வேண்டிய இடத்தில் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் சில கொட்டகைக் கதவுகள் தானே திறக்கும். இதற்கு மேல் விளக்கமாக எழுத என் மானம் இடம் கொடுக்கவில்லை.

உன் அத்தை உனக்கு ஊறுகாய்... இல்லை, அன்பு அனுப்புகிறாள். ஊறுகாயை நான் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

உன் மாமா


ஏப்ரல் 21

மாமா,

எல்லோரும் நலம். அவசரமாக எழுதுகிறேன், கரையில் படகு காத்திருக்கிறது.

இழுவையைப் பற்றி நேற்று நானும் சித்தப்பாவும் உட்கார்ந்து பேசினோம். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. இழுவைக்கு வயதாகிவிட்டது. கண் இரண்டும் மங்கல். மேடு என்றால் மூச்சு வாங்குகிறது. சத்தம்தான் பெரிதாக இருக்கிறதே தவிர வேலை நடப்பதில்லை. இத்தனை நாள் பாசத்தினால் வைத்திருந்தேன். இனி அதை நம்பி ஒரு காரியத்தில் இறங்க முடியாது. சீசனுக்கு முன்னால் ஓரங்கட்டிவிட முடிவு செய்துவிட்டோம். யாராவது வந்து எடுத்துப்போனால் நல்லது, இல்லாவிட்டால் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கட்டும்.

நீலத்தைப் பற்றி உண்மையான கருத்தை எழுதுங்கள். டாக்டர் மே நடுவரைக்கும்தான் காத்திருப்பார்.

மருமகள்


ஏப்ரல் 25

மருமகளுக்கு,

நலம்.

கண் மங்கல்தான். இனிமேல் ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். அதை உனக்கு எழுத ஒரு நல்ல வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். உன் சித்தப்பா எனக்கு முன்னால் சொல்லிவிட்டார். யார் மூலம் தெரிந்ததோ.

ஒன்றுதான் வருத்தம். இவ்வளவு காலமும் 'அவர்' ஆக இருந்த மனிதனை ஒரே கடிதத்தில் 'அது' ஆக்கிவிட்டாய். ஓரங்கட்டுவதாக இருந்தால் உயர்திணையிலேயே ஓரங்கட்டியிருக்கலாம்.

நீலத்தை வாங்கிக்கொள்.

இழுவை


மே 2

என் அன்பான, கோபக்கார மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் படிக்கவே இல்லை. கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் பார்த்தார், மேடையில் நிறுத்தியது போல. "உங்க மாமாகிட்டேருந்து ஒரே தாளா? உடம்புக்கு என்னமோ ஆயிருச்சும்மா" என்றார். அவர் முகத்தில் நான் அப்படி ஒரு பயத்தைப் பார்த்ததில்லை.

மாமா, இழுவை என்று நான் எழுதியது என் பழைய வண்டி. கண் என்றது அதன் முன்விளக்கு. அந்தப் பெயரைப் பட்டறையில் வைத்திருக்கிறார்கள் என்று பிப்ரவரிக் கடிதத்தின் ஓரத்திலேயே எழுதியிருந்தேனே? கோபித்து ஒரு பத்துப் பக்கம் வரும் என்று காத்திருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் அதைப் படிக்கவே இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ஏழு வரியும் தெருவிளக்கும் நகர்ந்து வந்த தூணும் எதற்கு என்றும் தெரிகிறது. படகில் எங்கே ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான். இதைக் கண்டுபிடிக்கவில்லை.

அத்தை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களேதான் சொன்னீர்கள். அத்தையைத் திட்டாதீர்கள்.

உங்கள் கறுப்பு வண்டியைக் கேட்க எனக்கு எத்தனையோ முறை வாய் வரைக்கும் வந்தது. ஒரே வரிசை சீட்டு; நாங்கள் நாலு பேர். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் சித்தப்பா. "அதை மட்டும் கேட்டுராதே, அது அவருக்கு உயிரு" என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார்.

நீலத்தை நீங்கள் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன். பார்க்க முடியாவிட்டால் கேளுங்கள். எஞ்சின் சத்தம் உங்களுக்குத் தெரிந்த மாதிரி எனக்குத் தெரிந்த யாருக்கும் தெரியாது. நான் கரையை விட்டு நகர முடியாது. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், வரும் சனிக்கிழமை மாலை சித்தப்பா வண்டியை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். சண்டை போடாதீர்கள்.

உங்கள் மருமகள்தான், எப்போதும்


மே 11

உயர்திணையில் மீண்டும் சேர்த்துக்கொண்ட மருமகளுக்கு,

உன் அத்தை உன் கடிதத்தை உரக்கப் படித்தாள். ஓரங்களையும் சேர்த்துப் படிக்கச் சொன்னேன். இனி என் வீட்டுக்கு வரும் எந்தத் தாளின் ஓரமும் என்னிடமிருந்து தப்பாது. என் பெயரைத் தாங்கிய அந்தப் பழைய வண்டிக்கு என் வணக்கத்தைச் சொல். மேட்டில் மூச்சு வாங்கினாலும் சத்தம் குறையாமல் இருக்கிறதே, பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

இப்போது சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். உன் சித்தப்பா வந்து இறங்கினார். "வாங்க மாப்ளே" என்றேன். "ம்" என்றார். அன்றைக்கு அவருக்கு அது ஒரு சொற்பொழிவு. வண்டியை முற்றத்தில் நிறுத்தச் சொல்லி, காலை வரை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். உன் அத்தை சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரையும் அவள் நம்பவில்லை.

விடிந்ததும் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். புறங்கை வைத்தேன், பானெட் பனி போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் இதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. "போடுங்க" என்றேன்.

மருமகளே, நான் எவ்வளவு ஆசையோடு காத்திருந்தேன் தெரியுமா? ஒரு இருமல் வராதா, ஒரு டக் டக் கேட்காதா, கொஞ்சம் முனகாதா என்று. அது எழுந்த விதம் இருக்கிறதே, நல்ல பாடகர் தொண்டையைச் செருமாமல் நேராகப் பாட்டைப் பிடித்தது போல. ஆயில் மூடியைத் திறக்கச் சொல்லி மேலே உள்ளங்கையை வைத்தேன். தூங்கும் குழந்தையின் மூச்சு. கியர் ஆயிலைத் தொட்டு முகர்ந்தேன், தீய்ந்த வாடை இல்லை. முழங்கால் இரண்டும் கூட்டாக எதிர்த்தும் அடியில் படுத்து சேசிஸை முன்னிருந்து பின்வரை தடவினேன். குதிரைக்காரர் அதைத் தண்ணீர்ப் பக்கமே விட்டதில்லை. ஒரு குறையும் இல்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று உனக்குப் புரியாது.

கடைசியில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. பின்னால் இருக்கும் கொக்கி உன் டிரெய்லருக்கு உயரம் அதிகம். அப்படியே மாட்டினால் படகு பின்பக்கம் சாய்ந்து, வண்டியின் வாலைத் தூக்கிவிடும். கொக்கியை இறக்கி மாட்டு. மற்றபடி வாங்கு. நீலம் நல்ல நிறம். வானமே அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

இந்தத் தீர்ப்பைச் சொல்லத் திரும்பினால் உன் சித்தப்பாவைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். கொட்டகையில் என் கறுப்பு வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பானெட்டில் கை. புறங்கை அல்ல, உள்ளங்கை.

"என்ன மாப்ளே, எடை போடுறீங்களா?" என்றேன்.

கையை எடுத்துவிட்டார். திருடன் மாட்டிக்கொண்டது போல. அந்தக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "மச்சான், இத எப்போ குடுக்கப் போறீங்க?"

"யாருக்கு?"

"யாருக்கோ."

"மருமகளுக்குன்னுதான் வெச்சிருந்தேன். நீங்கதான் கேக்காதேன்னு சொல்லிட்டீங்களாமே. என் உயிருன்னு. ரொம்பப் பெரிய மனசு."

தரையைப் பார்த்தார். "உயிருதான். ஆனா அதுக்காக மட்டும் சொல்லல."

"பின்னே?"

"என் மேடையில எவ்வளவோ வண்டி ஏறிச்சு. ஏறி நின்னதும் ஊசி ஆடாம நின்னது இது ஒண்ணுதான். அன்னையிலேருந்து கண்ணு. அவ கேட்டா நீங்க அப்பவே குடுத்துருவீங்க. அப்புறம் எனக்கு எங்க மச்சான் கிடைக்கும்?"

அதுதான் இவ்வளவும். அந்த மனிதர் உனக்காக ஊர் ஊராக அலைந்து ஒரு குறையும் இல்லாத வண்டியைத் தேடிப் பிடித்தது பாசத்தினால் மட்டுமல்ல; நீ என் கொட்டகைப் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்ற பொறாமையினாலும்தான். நான் இங்கே அவரைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தபோது அவர் அங்கே என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறார். இரண்டையும் சேர்த்திருந்தால் உன் பட்டறைக்கு மின்சாரம் எடுத்திருக்கலாம். கண்ணாடி கூடப் போடாமல் நான் அவர் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன். ஒரு சுருக்கம் விடாமல் பார்த்தேன். டிசம்பருக்குப் பிறகு எதையும் அவ்வளவு நன்றாகப் பார்த்ததில்லை.

விலை பேச ஆரம்பித்தார். அதை உன் அத்தையிடம் பேசிக்கொள்ளட்டும் என்று நிறுத்தினேன். எனக்கு வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து என்னை ஏற்றிக்கொள்ள வேண்டும். எங்கே போவது என்பதை நான் சொல்வேன். வழி நெடுக நான் பேசுவேன். அவர் ஓட்டுவார், கேட்பார். குறுக்கே பேசக் கூடாது. ரேடியோ கிடையாது.

ரொம்ப நேரம் யோசித்தார். ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவது முகத்தில் தெரிந்தது.

"ஜன்னலைத் திறந்து வெச்சுக்கலாமா?" என்றார்.

"கூடாது" என்றேன்.

"சரி மச்சான்."

சாவியைக் கொடுத்துவிட்டு அப்போதே ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று ஏறப் போனோம். நான் பழக்கத்தில் ஸ்டீரிங் பக்கம் போய் நின்றுவிட்டேன். அவர் எதிர்ப் பக்கம் நடந்து போய்ப் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் சுற்றி வரும் வரைக்கும் நின்றார். இத்தனை ஆண்டுகளில் அந்த வண்டியில் நான் உட்காராத ஒரே இடம் அது. ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. யாரும் என்னிடம் சொன்னதே இல்லை.

தெருமுனை திரும்பும் வரை என்னால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை. இதை உன் அத்தையிடம் சொல்லிவிடாதே, தொலைபேசித் தடையை நீக்கிவிடுவாள். பிறகு உனக்குத்தான் கஷ்டம்.

கொக்கியை இறக்கி மாட்டு.

உன் மாமா


ஜூன் 30

மகளுக்கு,

நலம். உங்கள் நலம் எழுது. நீலம் பெரிய படகைச் சரிவில் ஏற்றியதாகக் கேள்வி. மகிழ்ச்சி.

ஞாயிறு போதவில்லை என்கிறார். புதனும் சேர்த்துக்கொண்டோம்.

வண்டி நன்றாக இழுக்கிறது. மச்சானும்தான்.

சித்தப்பா